கோழி அரை, எறும்பு ஒன்றரை

எட்மண்டன், இலண்டன்
ஞாயிறு பிற்பகல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பரமேஸ்வரன் அத்தான் அவர்களுக்கு,

இந்த நகரத்தின் குளியலறைகளுக்கும் குசினிகளுக்கும் ரைல்ஸ் ஒட்டிச் சீவிக்கும் உங்கள் மைத்துனன் ஞானேஸ்வரன் பணிவுடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் கனடாவில், ஸ்காபரோவின் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி ஜெகதீஸ்வரி நலம். மகள் தாரகா மிகவும் நலம். என்னைப் பற்றி மட்டும், இந்தக் கடிதத்தை வாசித்து முடித்தபின் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். தாரகாவுக்குப் பின்னக் கணக்கு ஏறுகுதில்லை என்று கேள்விப்பட்டு, கதை வழியாகப் பின்னம் சொல்லித்தரும் படப் புத்தகங்கள் ஒன்பதைப் பொதி கட்டி அனுப்பியிருந்தீர்கள். மேலே ஒரு மஞ்சள் தாளில், "ஒரு நாளைக்கு ஒன்று. அவசரப்படாதே" என்று எழுதி ஒட்டியும் இருந்தீர்கள். நான் முதல் நாளே மூன்றை வாசித்துக் காட்டினேன். எப்படிப் போகிறது என்று நாலு தரம் வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டீர்கள். நான் பெருவிரல் படம் மட்டும் அனுப்பினேன். தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவில்லை அத்தான். நீங்கள் அழைப்பை எடுத்ததும் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவீர்கள். அக்கா கேட்பா, அக்காவிடம் தையல் பழக வந்திருக்கும் பெண்கள் கேட்பார்கள், அவர்களில் ஒருத்திக்காவது எட்மண்டனில் சொந்தக்காரர் இருப்பார்கள். ஆகவே பழைய முறைப்படி காகிதம் எடுத்து, பேனை தேடி, அதுவும் எழுதாமல் தாரகாவின் நாவல் நிறப் பேனையால் இதை எழுதுகிறேன். நிறத்துக்காக மன்னியுங்கள்.

எல்லாம் பெற்றோர் சந்திப்பில் தொடங்கியது. தாரகாவின் வகுப்பாசிரியை மிஸ் ஹார்ட்லி நல்ல பிள்ளை, எங்களைக் குட்டிக் கதிரைகளில் உட்காரவைத்து, தாரகா வாசிப்பில் திறமை, படம் கீறுவதில் மிகத் திறமை, ஆனால் பின்னம் தொடங்கினால் மட்டும் ரொயிலற் போக வேண்டும் என்று கை உயர்த்துகிறாள், போனால் பாடம் முடியத்தான் திரும்பி வருகிறாள், போன கிழமை மட்டும் நாலு தரம் என்று மெதுவாகச் சொன்னார். ஜெகா என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட அந்தக் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, எங்கள் குடும்பத்தில் கணக்கு வராத ஆளே கிடையாது, பிள்ளையின் பின்னத்தை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். பக்கத்தில் தாரகா தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலும் அதையே தமிழில் சொன்னேன். ஒரு பொய்யை இரண்டு மொழியில் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன் போலும்.

அது பொய் என்று, அக்காவை விட்டால், இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஓ.எல் என்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு எனக்குக் கணக்குச் சொல்லித்தரச் செவ்வாயும் வியாழனும் சைக்கிளில் வந்தீர்கள். கேள்வியை என்னிடம் தந்துவிட்டு விடையை அக்காவின் முகத்தில் தேடினீர்கள். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தால் நாங்கள் செய்துகொண்டிருந்த பின்னம் பாதியில் நின்றுவிடும். பரீட்சை முடிவு வந்தபோது உங்களுக்கு அக்கா கிடைத்தா, எனக்கு எஃப் கிடைத்தது. அடுத்த வருடம், நீங்கள் இல்லாமலே, இன்னொரு எஃப். அதனால் முதலாவது எஃப்புக்கும் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிறகு ஹொலண்டுக்குப் போய் ரைல்ஸ் வேலை பழகினேன். அங்கே எல்லாமே மில்லிமீற்றர். முந்நூறு, அறுநூறு, ஆயிரத்து இருநூறு. உலகம் முழு எண்களால் ஆனது என்று இருபது வருடம் நிம்மதியாக வாழ்ந்தேன். பாதி ரைல் தேவைப்பட்டால் கோடு போட்டு வெட்டுவேன், மிச்சத்தை வாளிக்குள் எறிவேன். அந்த வாளிக்குள் கிடந்ததெல்லாம் பின்னம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். முதலாவது புத்தகம் நீர்நாயும் போர்வையும். குளிர்காலம், நீர்நாயிடம் ஒரு பெரிய போர்வை இருக்கிறது, முயல் வருகிறது, போர்வையை இரண்டாக வெட்டி அரை அரை எடுக்கிறார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், கால் கால். பிறகு நாலு பேர். படங்கள் அருமை. நான் வேலையால் வந்து, குளித்து, சோபாவில் தாரகாவைப் பக்கத்தில் இருத்தி, நீர்நாய்க்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் என்று நடித்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் எட்டு மிருகங்கள் எட்டுத் துண்டுடன் நிற்கின்றன. "இப்ப சொல்லு பிள்ளை, ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு?" என்றேன்.

தாரகா படத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஏன் அப்பா போர்வையை வெட்டினவை?"

"பங்கு பிரிக்கத்தான்."

"எல்லாரும் ஒண்டாப் படுத்தா ஒரு போர்வை காணும்தானே. இப்ப எல்லாருக்கும் குளிரும்."

"இது கணக்குப் புத்தகம், பிள்ளை. குளிரை விடு."

"அப்ப ஏன் நீர்நாய் அழுகுது?"

உண்மையிலேயே ஒரு மூலையில் நீர்நாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் அழுதாள், ஜெகா குசினியிலிருந்து வந்து, பிள்ளையை என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டா. இரண்டாவது புத்தகத்தில் ஒட்டகச்சிவிங்கியும் ஆமையும் ஒரு வத்தகப்பழத்தைச் சரிபாதியாகப் பிரித்தன. "நொட் ஃபெயர், ஒட்டகச்சிவிங்கிக்கு எவ்வளவு பெரிய வயிறு" என்றாள். ஃபெயர் வேறு, அரை வேறு என்று விளக்கப் போய், அப்படியானால் அரை என்பது எப்போது ஃபெயர் என்று அவள் கேட்க, நான் தேநீர் போட எழும்பிப் போய்விட்டேன். தகப்பனும் மகளும் தப்பி ஓடுவதில் ஒரே மாதிரித்தான். அவளுக்கு ரொயிலற், எனக்குக் கேத்தில்.

மூன்றாவது புத்தகத்தில்தான் விபத்து நடந்தது. அது ஒரு பூனை பழங்களைப் பகிர்ந்து கொடுக்கும் கதை. நான் அப்படியே தமிழில் மாற்றி வாசித்துக்கொண்டு போனவன், "பூனை கோழிக்குக் கால் கொடுத்தது" என்றேன்.

தாரகா நிமிர்ந்தாள். "கோழிக்கு ஏற்கெனவே ரெண்டு கால் இருக்கு."

"அந்தக் கால் இல்லை. கால் எண்டா நாலிலை ஒண்டு. குவாட்டர்."

"ஏன் குவாட்டருக்குக் கால் எண்டு பேர்?"

சத்தியமாக எனக்குத் தெரியாது அத்தான். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கணக்கு வராத ஆள் இல்லையே. பூனையின் படத்தைக் காட்டி, "பூனைக்கு நாலு கால். நாலு காலும் சேர்ந்தாத்தான் ஒரு முழுப் பூனை. அதனாலதான்" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். தமிழ் அறிஞர்கள் யாராவது கேட்டிருந்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார்கள். ஆனால் தாரகா பூனையின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு மெதுவாக, "அப்ப கோழி அரையா?" என்றாள்.

"ஓம். கோழி அரை."

"முக்காலி முக்கால்."

"ஓம்."

"எறும்புக்கு ஆறு கால். எறும்பு..." விரலில் எண்ணினாள். "ஒண்டரை. அப்பா, எறும்பு யானையைவிடப் பெரிசு."

அத்தான், அந்த நேரம் அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாம்பு பூச்சியம், சிலந்தி இரண்டு, நண்டு இரண்டரை, நீங்களும் நானும் அரை அரை. அம்மா, அப்பா, தான் மூன்று பேரும் சேர்ந்தால் ஒன்றரை, அதாவது ஒரு எறும்பு என்று குசினிக்கு ஓடிப்போய் ஜெகாவிடம் சொன்னாள். அரைக்காற்சட்டை என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒரு சட்டையா என்று கேட்டாள். அடுத்த இரண்டு கிழமையும் உங்கள் மிச்ச ஆறு புத்தகங்களைத் தொடவில்லை, மன்னிக்க வேண்டும். அவள் தானே ஒரு புத்தகம் செய்தாள். மூன்றுக்கு மட்டும் இடமுள்ள ஒரு சிவப்பு பஸ். பூனை ஏறுகிறது, கோழி ஏறுகிறது, எறும்பு ஏறுகிறது, சரியாக மூன்று, கதவு பூட்டுப்படுகிறது, யானை பஸ் தரிப்பில் நின்று கத்துகிறது. படம் அவள் கீறினாள். கோழியை மட்டும் நான் கீறினேன். அது தேநீர்க் கேத்தில் மாதிரி வந்தது.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பாடசாலையில் வாசிப்பு வாரம் வந்தது. பெற்றோர் யாராவது வந்து வகுப்பில் ஒரு கதை வாசிக்கலாம் என்று தாள் வந்தது. நான் உடனே கையெழுத்துப் போட்டு, அடியில், நாங்களே எழுதிய, பின்னம் கற்பிக்கும் படக்கதை என்றும் எழுதி அனுப்பினேன். குரோய்டனில் ஒரு குளியலறை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு புதன்கிழமை போனேன். இருபத்தொன்பது பிள்ளைகள் கம்பளத்தில் கால் மடித்து இருந்தார்கள். தாரகா கடைசி வரிசையில். மிஸ் ஹார்ட்லி என்னைப் பெரிய கதிரையில் இருத்தினார். நான் கதையை முதல்நாளே அழகாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். முதல் பக்கம் திறந்தேன். பூனை ஒரு முழுமை என்றேன். சரி என்று தலையாட்டினார்கள். இரண்டாம் பக்கம் திறந்தேன். கோழி ஓர் அரை என்றேன்.

ஒரு கை உயர்ந்தது. "மற்ற அரை எங்கே?"

இன்னொரு குரல். "யாரோ சாப்பிட்டுவிட்டார்களா?"

அப்போதுதான் அத்தான், இருபத்தொன்பது பிள்ளைகளுக்கு முன்னால், கோட்டும் போட்டுக்கொண்டு, எனக்கு விளங்கியது. ஆங்கிலத்தில் குவாட்டருக்கும் காலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு மொழி தெரிந்த ஒருவன், மூன்றாவதாக டச்சும் பேசுபவன், இதை மேசையில் இருந்து மொழிபெயர்த்தபோது கவனிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு சிறுமி கோழிக்காக விம்மத் தொடங்கினாள். கால்களை எண்ண வேண்டும், ஒரு கால் ஒரு குவாட்டர் என்று அவசரமாக விளக்கினேன். உடனே ஒருவன் எழும்பி, தன் பாட்டியின் பூனைக்கு மூன்று கால்தான், அது முக்கால் பூனையா என்று கேட்டான். நான் யோசிக்காமல் ஆம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அது முழுப் பூனை, பெயர் டெய்சி, உங்களுக்கு அதைத் தெரியாது என்றான். அவன் சொன்னது முற்றிலும் நியாயம். டெய்சியிடம் இந்தக் கடிதம் மூலம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கதை சரிவராவிட்டால் கணக்காவது செய்வோம் என்று எழும்பி வெள்ளைப் பலகைக்குப் போனதுதான் என் வாழ்க்கையின் பெரிய பிழை. ஒரு கோழி, அதோடு இன்னுமொரு கால், எவ்வளவு என்று கேட்டு, அரை கூட்டல் கால் என்று பெரிதாக எழுதினேன். பிள்ளைகள் கை உயர்த்துவதற்குள் நானே செய்து காட்டினேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் நாலும் ஆறு. ஆறில் இரண்டு. அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். கண்ணாடி போட்ட ஒரு சிறுமி மிக மரியாதையாக, "சேர், நீங்கள் கூட்டினீர்கள். ஆனால் அது தொடங்கியதைவிடச் சின்னதாகிவிட்டது" என்றாள். நான் பலகையைப் பார்த்தேன். எனக்கு அது எப்படிச் சின்னது என்றுகூட விளங்கவில்லை. காது இரண்டும் கொதித்தது. ஓ.எல் பரீட்சை மண்டபத்தில் இருந்த அதே கொதிப்பு.

அந்த நேரம் கடைசி வரிசையில் தாரகா கை உயர்த்தினாள். ரொயிலற் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளைக் குற்றம் சொல்ல ஏலாது, எனக்கும் அங்கேதான் போக வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் எழும்பி, பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே அடி வைத்து முன்னால் வந்து, என் கையிலிருந்த பேனையை வாங்கினாள்.

"அப்பா, கோழிக்கு எத்தனை கால்?" என்று தமிழில் கேட்டாள்.

"ரெண்டு."

"இன்னுமொரு கால் வந்தா?"

"மூண்டு கால்."

"அதுதான்," என்றாள். "முக்கால்."

பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, ஆங்கிலத்தில், எங்கள் மொழியில் காலுக்கும் குவாட்டருக்கும் ஒரே சொல், அதனால் அரை என்பது இரண்டு குவாட்டர், அதோடு இன்னொரு குவாட்டர், மொத்தம் மூன்று, அப்பா எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக மாற்றாமல் கூட்டிவிட்டார் என்று சொல்லி, என் வட்டத்தை அழித்து முக்கால் என்று எழுதினாள். கோழி முழுக் கோழிதான், இது கதைக்காக மட்டும் என்று முன்வரிசைச் சிறுமிக்குத் தனியாகச் சொன்னாள். டெய்சியும் முழுப் பூனைதான் என்றாள். பிறகு மிச்சக் கதையை அவளே வாசித்தாள். யானையை பஸ் விட்டுவிட்டுப் போகும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பெரிய கதிரையில் பக்கம் திருப்பும் வேலையைச் செய்தேன். அதைப் பிழையில்லாமல் செய்தேன் என்று நம்புகிறேன்.

பாடசாலை விட்டதும் இருவரும் நடந்து வந்தோம். கடவையில் பச்சை விளக்குக்காக நின்றபோது கேட்டாள்.

"அப்பா, சும்மா பிழையாச் செய்து காட்டினீங்களா, உண்மையாவே தெரியாதா?"

இதற்கு என்னிடம் நல்ல பொய் ஒன்று தயாராக இருந்தது அத்தான். பிள்ளைக்கு நம்பிக்கை வரட்டும் என்று வேண்டுமென்றே பிழைவிட்டேன் என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாது பிள்ளை," என்றேன். "பள்ளிக்கூடத்திலயும் தெரியாது. ரெண்டு தரம் சோதினை எழுதி ரெண்டு தரமும் ஃபெயில்."

விளக்கு பச்சையானது. அவள் கடக்கவில்லை.

"அப்ப ஏன் எங்கட வீட்டில எல்லாருக்கும் கணக்கு வரும் எண்டு சொன்னீங்க?" என்றாள். "நான் மட்டும்தான் பிழை எண்டு நினைச்சன். அதுதான் ரொயிலற்ல போய் இருந்தனான்."

அத்தான், இருபது வருடமாக இந்த நாட்டிலும் அந்த நாட்டிலும் முழங்காலில் இருந்து வேலை செய்கிறேன். அப்படி நான் முழங்காலில் இருந்தது இல்லை. அந்த நடைபாதையில், கலியாணக் கோட்டோடு, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி இருந்துகொண்டு, அப்பா சொன்னது பொய், அப்பாவுக்கு வெட்கம், அதனால் சொன்னது என்றேன். பின்னால் வந்த மனிசி குழந்தை வண்டிலை எங்களைச் சுற்றித் திருப்பிக்கொண்டு போனா. தாரகா என் தோளில் கை வைத்து, மிஸ் ஹார்ட்லியின் அதே குரலில், "பரவாயில்லை. உங்களுக்கு இன்னும் வரேல்ல, அவ்வளவுதான்" என்றாள். மூன்றாவது பச்சை விளக்குக்குத்தான் நாங்கள் கடந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ஜெகாவிடமும் ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று, கோட்டைக் கழற்றாமலே, நான் ஓ.எல் கணக்கில் சித்தியடையவில்லை என்று கனத்த குரலில் சொன்னேன். ஜெகா வெங்காயம் வெட்டிக்கொண்டே, "தெரியும். எங்கட கலியாணக் கிழமையே உங்கட அக்கா சொல்லிப்போட்டா" என்றா. பதினாலு வருடம் நான் காத்த ரகசியம் அத்தான். அக்காவிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

தாரகா இப்போது பின்னத்துக்குப் பயப்படுவதில்லை. பிழை நிறைய விடுகிறாள், ஆனால் கதிரையில் இருந்து விடுகிறாள். போன கிழமை ஒரு தரம்கூட வெளியே போகவில்லை என்று மிஸ் ஹார்ட்லி எழுதியிருக்கிறார். நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று இனி அந்தப் பிள்ளையிடம் சொல்ல மாட்டேன். பின்னமோ, பூகோளமோ, வேறு எதுவோ, தெரியாது என்றால் தெரியாது. இதை ஒரு சத்தியமாகவே உங்களுக்கு எழுதிவைக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் திருந்தியிருக்கிறான் என்று அக்காவுக்கும், தையல் பழக வரும் பெண்களுக்கும் தாராளமாக வாசித்துக் காட்டலாம்.

உங்கள் இருவரின் முழங்காலுக்கும் முதுகுக்கும் நல்ல சுகம் கிடைக்க வேண்டும் என்று முருகனை வேண்டி, ஜெகாவின் வணக்கத்தையும் தாரகாவின் முத்தங்களையும் சேர்த்து, பணிவுடன் முடிக்கும்,

உங்கள் மைத்துனன்,
ஞானேஸ்வரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் தாரகா ஒரு தாளுடன் வந்தாள். அடுத்த மாதம் அவர்கள் வகுப்புக்கு நீச்சல் தொடங்குகிறதாம், சனிக்கிழமைகளில் பெற்றோரும் கூடவே தண்ணீரில் இறங்கிப் பழக்கலாமாம். "அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டாள். பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கேட்ட விதத்தில், எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் என்னை மீன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிப்போட்டேன். நான் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து அவசரமாக, நீச்சல் பற்றிப் படங்களோடு ஏதாவது புத்தகம் இருந்தால் அனுப்பிவையுங்கள். ஒன்று போதும். சின்னப் பிள்ளைகளுக்கானது என்றாலும் பரவாயில்லை.